கடைக்காரர் செய்ததும் பாடியவர்கள் செய்ததும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், 1970களில் லண்டனில் எழுந்த 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்னும் பங்க் ராக் (எளிய, வேகமான, இரைச்சலான ராக் இசை) குழுவைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு படித்தேன். பாடத் தெரியாத நான்கு போக்கிரிகளை ஒரு துணிக்கடைக்காரர் தெருவிலிருந்து பிடித்துவந்து, கெட்ட வார்த்தை பேசப் பழக்கி, இரண்டு ஆண்டுகள் ஊரை ஏமாற்றிக் காசு பார்த்தார் என்பதே அதன் சாரம். கடைசிப் பத்தியில், இன்று சென்னையில் கானாவும் ராப்பும் பாடும் இளைஞர்கள் அதே வழியில்தான் போகிறார்கள் என்றும், அவர்களுக்கு அரங்கு கொடுப்பவர்கள் யோசித்துக் கொடுக்க வேண்டும் என்றும் ஓர் எச்சரிக்கை வேறு இருந்தது. அந்தக் கடைசிப் பத்தி இல்லாதிருந்தால் நான் பென்சிலை எடுத்திருக்க மாட்டேன்.

நானும் கடைக்காரனாக இருந்தவன்தான். 1980களில் இராயப்பேட்டையில் பத்துக்கு எட்டடி அறையில் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்தேன். வாடிக்கையாளர்கள் காலி கேசட்டையும், வேண்டிய பாடல்களின் பட்டியலையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். தட்டிலிருந்து பதிந்து மூன்றாம் நாள் கொடுப்போம். ஒருநாள் கப்பலில் வேலை பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டு ஒன்றைப் பதிந்து தரச் சொல்லிவிட்டுப் போனார். மஞ்சள் அட்டை, அதன்மேல், மிரட்டல் கடிதம் எழுதுகிறவன் செய்தித்தாளிலிருந்து எழுத்துகளைக் கத்தரித்து ஒட்டியதைப் போல ஒழுங்கில்லாத எழுத்துகள். கடையில் பாடல்களின் பெயர் எழுதிய நோட்டுப் புத்தகம் மேசைமேலேயே கிடக்கும். ஐயப்பன் பாட்டு கேட்டு வரும் மாமிகளும் அதைத்தான் புரட்டுவார்கள். குழுவின் பெயரை அதில் முழுதாக எழுத எனக்குக் கை வரவில்லை. 'எஸ்.பி.' என்று மட்டும் எழுதி வைத்தேன். அதன் பலனாக, "எஸ்.பி.பி.யோட புதுப் பாட்டா சார்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே அந்த மாதம் கழிந்தது.

பதிவு செய்யும்போது அளவுமானியின் முள் சிவப்புக் கோட்டைவிட்டு இறங்கவில்லை. ஒலியைக் குறைத்தேன், அப்போதும் அந்த இரைச்சல் இரைச்சலாகவே இருந்தது. அதன் நகலொன்றை ஆர்வத்தோடு கேட்டு வாங்கிப்போன கல்லூரி மாணவர் மறுநாளே திரும்பிவந்து, "கரகரன்னு இருக்கு சார், ஹெட் க்ளீன் பண்ணாம எடுத்துட்டீங்க" என்றார். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அவர் கண்முன்னே ஹெட்டைத் துடைத்துக் காட்டிவிட்டு, மூலத் தட்டையே ஓட்டிக் காட்டினேன். சிறிது நேரம் நின்று கேட்டார். "இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, கேசட்டில் பக்கத்துக்குப் பத்து நிமிடம் மிச்சமிருந்த இடத்தில் போனி எம் பாடல்களைப் போட்டுத் தரச் சொல்லிப் போனார். இந்தக் குழுவோடு எனக்கு ஏற்பட்ட பழக்கம் அப்படித் தொடங்கியதுதான். பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

கட்டுரையாளர் குறிப்பிடும் துணிக்கடைக்காரர் மால்கம் மெக்லாரன். லண்டன் செல்சி பகுதியில் கிங்ஸ் ரோடு 430ஆம் எண்ணில், ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டுடன் சேர்ந்து கடை நடத்தினார். ஆனால் பையன்களைத் தேடிக் கடை போகவில்லை. பையன்கள்தான் கடையைத் தேடி வந்தார்கள். கிதார் வாசித்த ஸ்டீவ் ஜோன்ஸும் டிரம்ஸ் வாசித்த பால் குக்கும் பள்ளிக்கூட நண்பர்கள். மெக்லாரன் பொறுப்பேற்பதற்கு முன்பே ஒரு குழுவை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தவர்கள். பேஸ் கிதார் வாசித்த க்ளென் மாட்லாக் ஓவியக் கல்லூரி மாணவர். சனிக்கிழமைகளில் அந்தக் கடையில் வேலை பார்த்தவர். எங்களுக்கு உதவுங்கள் என்று ஜோன்ஸ் நச்சரித்த பிறகே மெக்லாரன் இதில் இறங்கினார். பாடகர் ஜான் லைடன் மட்டும் கடையில் கண்டெடுக்கப்பட்டவர் என்பது உண்மை. புகழ்பெற்ற பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் பெயருக்கு மேலே 'வெறுக்கிறேன்' என்று தம் கையால் எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு திரிந்த அந்தப் பத்தொன்பது வயதுப் பையனை, 1975 ஆகஸ்டில் கடையிலிருந்த ஜூக்பாக்ஸுக்கு, அதாவது பாட்டுப் பெட்டிக்கு, முன்னால் நிறுத்திப் பாடச் சொன்னார்கள்.

அந்த லைடன், வடக்கு லண்டனில் குடியேறிய ஏழை ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளை. ஏழு வயதில் மூளையுறைக் காய்ச்சல் வந்து, ஏறத்தாழ ஓராண்டு மருத்துவமனையில் கிடந்து, நினைவிழந்து, பெற்றோரையே அடையாளம் தெரியாமல் வீடு திரும்பியவர். மேடையில் கண் இமைக்காமல் அவர் முறைக்கும் முறைப்பைக் கட்டுரையாளர் 'பயிற்சி பெற்ற அசிங்கம்' என்கிறார். அது நோய் விட்டுச் சென்ற பார்வை என்று லைடனே சொல்லியிருக்கிறார். 'ராட்டன்' என்ற பட்டப்பெயர், அதாவது அழுகியவன், அவருடைய சொத்தைப் பற்களைப் பார்த்து வைத்தது. இவற்றில் எதையும் எந்தக் கடைக்காரராலும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்க முடியாது.

அவர்கள் முதன்முதலாக மேடையேறியது 1975 நவம்பர் 6 அன்று, மாட்லாக் படித்த ஓவியக் கல்லூரியில். நம் நாட்டில் அப்போது நெருக்கடிநிலை. சென்னையில் செய்தித்தாள்கள் தணிக்கைக்குப் போய்வந்த காலம். இங்கிலாந்தில் அப்படியொரு தணிக்கை இல்லை. ஆனால் வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. மறு ஆண்டே அந்நாட்டு அரசு பன்னாட்டு நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டு நின்றது. பள்ளியை விட்டு வெளியே வந்தால் உதவித்தொகை வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்த பிள்ளைகளுக்கு, அன்றைய ராக் இசை இருபது நிமிடத் தனி ஆவர்த்தனமாக நீண்டு, பெரும் பணக்காரர்களின் பொழுதுபோக்காகியிருந்தது. மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்கியதற்கு, பாடத் தெரியாததைவிடப் பொறுமையில்லாததே பெரிய காரணம்.

இப்போது கட்டுரையாளர் அரைப்பக்கம் செலவிட்ட தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1976 டிசம்பர் 1 மாலை ஆறு மணியளவில், லண்டன் வட்டாரத்துக்கு மட்டுமே தெரியும் நேரடி நிகழ்ச்சி அது. வருவதாக இருந்த 'குவீன்' என்ற இசைக்குழுவினர் வர இயலாமற் போனதால், அவர்களுக்குப் பதிலாக இவர்கள் அனுப்பப்பட்டார்கள். பேட்டி கண்ட பில் கிரண்டி, தொடக்கம் முதலே இளக்காரமாகப் பேசினார். குழுவோடு வந்திருந்த இளம்பெண் ஒருவரிடம் நிகழ்ச்சிக்குப் பிறகு சந்திக்கலாமா என்ற தொனியில் வழிந்தார். ஜோன்ஸ் அதைக் கேட்டுத் திட்டியபோது, இன்னும் சில நொடிகள் இருக்கின்றன, இன்னும் ஏதாவது மோசமாகச் சொல் என்று தூண்டினார். ஜோன்ஸ் சொன்னார். சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் இருபத்தொரு வயதுப் பையனைச் சீண்டிவிட்ட ஐம்பதைத் தாண்டிய மனிதரின் பெயர்கூட கட்டுரையில் இல்லை. அவரை நிலையமே இரண்டு வாரம் பணியிலிருந்து நிறுத்தி வைத்தது என்பதும் இல்லை.

மறுநாள் காலைச் செய்தித்தாள்கள்தான் லண்டன் வட்டாரத்தில் சிலர் பார்த்த ஒன்றரை நிமிடத்தை நாடு முழுவதற்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. தம் எட்டு வயது மகன் இப்பேச்சைக் கேட்கக்கூடாதென்று, லாரி ஓட்டுநர் ஒருவர் தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே உதைத்து உடைத்துவிட்டார் என்ற செய்தியும் அப்போது வந்ததுதான். (பெட்டியை அணைக்க ஒரு பொத்தான் இருந்திருக்குமே என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.) அந்த மாதம் ஏற்பாடாகியிருந்த ஏறத்தாழ இருபது நிகழ்ச்சிகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே நடந்தன. டெர்பி நகரில், முதலில் எங்கள் முன்னிலையில் தனியாக வாசித்துக் காட்டுங்கள், பிறகு அனுமதி தருகிறோம் என்று நகரமன்ற உறுப்பினர்கள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழுவினர் விடுதியைவிட்டு வரவேயில்லை. வேல்ஸில் கேர்ஃபில்லி என்ற ஊரில் கொட்டகைக்கு உள்ளே இவர்கள் வாசிக்க, வெளியே திறந்தவெளியில் ஊரார் கூடிநின்று கிறிஸ்துமஸ் கீதங்களைப் பாடினார்கள். 1954இல் நம் மாநிலத்தில் நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததையும், அது எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்தே வந்தது என்று பேசப்பட்டதையும் அறிந்தவர்களுக்கு டெர்பி நகரமன்றத்தார் புதியவர்களாகத் தோன்றமாட்டார்கள்.

குழுவை முதலில் ஒப்பந்தம் செய்திருந்த நிறுவனம் ஈ.எம்.ஐ. நாய்ப்படம் போட்ட தட்டில் எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதத்தை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்த கம்பெனியின் தாய் நிறுவனமும் அதுதான். 40,000 பவுண்டுக்குச் செய்த ஒப்பந்தத்தை 1977 ஜனவரியிலேயே அது முறித்துக்கொண்டது. அடுத்து வந்த ஏ அண்டு எம் நிறுவனம், மார்ச் 10 அன்று பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கி, ஒரு வாரம் முடிவதற்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அச்சான தட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தும்விட்டது. தப்பிய சில தட்டுகள் இன்று சேகரிப்பாளர்களிடம் பல ஆயிரம் பவுண்டுக்கு விலைபோகின்றன. மூன்றாவதாக வர்ஜின் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இந்த முறிவுகளில் கைமாறிய பணத்தைக் காட்டித்தான் 'எல்லாம் என் திட்டம்' என்று மெக்லாரன் பிற்காலத்தில் மார்தட்டினார். கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: சரக்கு திரும்பி வந்ததையும் திட்டம் என்று சொல்லிக்கொள்வது எங்கள் தொழிலில் புதிதல்ல.

எலிசபெத் அரசி அரியணையேறிய இருபத்தைந்தாம் ஆண்டு வெள்ளிவிழாவுக்கென்று நாடே தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, 1977 மே 27 அன்று, 'காட் சேவ் த குவீன்' என்று அந்நாட்டு வாழ்த்துப்பாவின் தலைப்பையே தாங்கி இவர்களுடைய பாடல் வெளியானது. இசைத்தட்டு அழுத்தும் ஆலையில் தொழிலாளர்கள் வேலை செய்ய மறுத்துவிட்டார்கள். பிபிசியும், தனியார் ஒலிபரப்பை மேற்பார்த்த ஆணையமும் ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் அது அதிகாரபூர்வ விற்பனைப் பட்டியலில் இரண்டாமிடம் பிடித்தது. ஓர் இசைப் பத்திரிகையின் பட்டியலில் முதலிடம். முதலிடம் வேண்டுமென்றே மறுக்கப்பட்டதா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஜூன் 7 அன்று, அரசியின் பெயரையே தாங்கிய ஒரு படகில் தேம்ஸ் ஆற்றில் வாசித்துக்கொண்டு போனவர்களைக் காவல்துறை கரைக்குத் திருப்பி, மெக்லாரன் உட்படப் பலரைக் கைதுசெய்தது. கைதானவர் கடைக்காரர், ஆனால் அந்த மாதமே தெருவில் கத்திவெட்டு வாங்கியவர் லைடன், இரும்புத்தடியால் அடி வாங்கியவர் குக். சம்பந்தப்பட்ட பாட்டை எழுதியது யார் என்பதில் தாக்கியவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

கட்டுரையாளர் ஒரே வரியில் 'ஆபாச வழக்கு' என்று எழுதிக் கடந்துபோன நாட்டிங்ஹாம் வழக்கு இன்னும் சற்று நின்று பார்க்க வேண்டியது. அவர்களுடைய ஒரே முழு இசைத்தட்டு 1977 அக்டோபர் இறுதியில் வந்தது. நான் பதிந்தது அந்தத் தட்டைத்தான். தலைப்பிலிருந்த 'பொல்லாக்ஸ்' என்ற வார்த்தை கொச்சை என்று சொல்லி, அதைக் கண்ணாடி அலமாரியில் மாட்டியிருந்த இசைத்தட்டுக் கடையின் மேலாளர்மீது, 1889ஆம் ஆண்டின் அநாகரிக விளம்பரச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். நவம்பர் 24 அன்று விசாரணை. கடைத்தரப்புக்கு வாதாடியவர் எழுத்தாளரும் வழக்கறிஞருமான ஜான் மார்ட்டிமர். சாட்சிக் கூண்டில் ஏறியவர் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கின்ஸ்லி. அது ஆயிரம் ஆண்டு பழமையுள்ள சொல் என்றும், ஒரு காலத்தில் பாதிரிமார்களைக் குறிக்கும் பட்டப்பெயராக வழங்கியது என்றும், அவர்கள் பேசுவதெல்லாம் உளறல் என்று மக்கள் கருதியதால் 'வெற்று உளறல்' என்ற பொருளும் அதற்குச் சேர்ந்தது என்றும், இந்தத் தட்டின் தலைப்பில் அந்தப் பொருளில்தான் அது நிற்கிறது என்றும் அவர் சாட்சி சொன்னார். பேராசிரியரும் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர். கொச்சையைக் காட்டிக் காசாக்கும் இந்த உத்தியைத் தாங்கள் மனமார வெறுப்பதாகவும், ஆனாலும் வேறு வழியின்றிக் குற்றமில்லையென்று தீர்ப்பளிப்பதாகவும் நீதிமன்றத்தார் சொல்லி விடுவித்தார்கள். வெறுப்பதையும் விடுவிப்பதையும் ஒரே மூச்சில் சொன்ன அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு சொல்லுக்கு அகராதியைப் புரட்டாமலே பொருள் சொல்லிவிடும் அவசரம் நம் ஊரிலும் உண்டு. 'பேமானி'க்கும் 'கஸ்மாலத்து'க்கும் வரலாறு சொல்லக்கூடிய பேராசிரியர்கள் இங்கும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கூண்டுக்கு அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்னதால் நான் அந்தக் குழுவின் விசிறி என்று தாங்கள் நினைக்க வேண்டாம். மன்னிக்கக் கூடாதவை அவர்களிடம் இருந்தன. அதிர்ச்சிக்காக நாஜிகளின் சின்னத்தை அணிந்துகொண்டு திரிந்தது அவற்றில் முதலாவது. கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் நாம் மஞ்சள் தடவிப் போடும் ஸ்வஸ்திகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. போர் முடிந்து முப்பதே ஆண்டுகள் ஆகியிருந்த ஓர் ஊரில், குண்டுவீச்சில் வீடிழந்தவர்களும் முகாம்களில் உறவினரை இழந்தவர்களும் நடமாடும் தெருவில் அதைப் போட்டுக்கொள்வது கலகமல்ல, அறியாமை. வதைமுகாம் ஒன்றின் பெயரை வேடிக்கையாக்கிய பாட்டும் அவர்களிடம் இருந்தது. அதை நான் யாருக்கும் பதிந்து கொடுத்ததில்லை.

இரண்டாவது, சிட் விஷஸ். தங்கள் கட்டுரையின் படத்துக்குக் கீழே அவரைக் 'குழுவின் நிறுவனர், இசையமைப்பாளர்' என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது தவறு. 1977 பிப்ரவரியில் மாட்லாக் விலகிய பிறகே அவர் சேர்ந்தார். மாட்லாக், பீட்டில்ஸின் மெக்கார்ட்னியைப் பற்றி அதிகம் பேசியதால் நீக்கப்பட்டார் என்று மெக்லாரன் ஒரு பத்திரிகைக்குத் தந்தியடித்தார். தாமே விலகியதாக மாட்லாக் சொல்கிறார். சிட்டுக்கு பேஸ் கிதார் வாசிக்கவே சரியாக வராது. இசைத்தட்டில் பெரும்பாலும் அந்தப் பகுதியையும் ஜோன்ஸே வாசித்தார். பன்னிரண்டு பாடல்களில் பத்தில் மாட்லாக்கின் பங்கு உண்டு. அந்தத் தட்டைத் தயாரித்த கிறிஸ் தாமஸ், லைடன் பனியனில் வெறுத்த அதே பிங்க் ஃபிளாய்டின் மிகப் புகழ்பெற்ற இசைத்தட்டின் ஒலிக்கலவையில் பணியாற்றியவர். கவனமாக அடுக்கடுக்காகப் பதிவான கிதார்கள் அதில் இருக்கின்றன. நான் 'கரகர' என்று கேட்டது அலட்சியத்தால் வந்ததல்ல என்று நல்ல ஒலிபெருக்கி வாங்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது. சிட்டிடம் இருந்தது முகம் மட்டும்தான். 1978 அக்டோபரில் நியூயார்க் விடுதி அறையில் அவருடைய தோழி நான்சி ஸ்பங்கன் கத்திக்குத்துப்பட்டு இறந்துகிடந்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட சிட், விசாரணைக்கு முன்பே, 1979 பிப்ரவரி 2 அன்று, ஹெராயினால் இறந்தார். வயது 21. அந்த முகத்தைத்தான் இன்று பாண்டி பஜார் நடைபாதையில் பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். தாங்களும் அதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். பத்துப் பாடலில் பங்குள்ளவர் படத்திலேயே இல்லை.

கட்டுரையில் இல்லாத ஒரு கிறிஸ்துமஸ் நாளையும் சொல்ல வேண்டும். 1977 டிசம்பர் 25, ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரம். தீயணைப்பு வீரர்கள் வாரக்கணக்காக வேலைநிறுத்தத்தில் இருந்ததால் சம்பளம் இல்லை. வீடுகளில் பண்டிகை இல்லை. அவர்களுடைய குழந்தைகளுக்காக அந்தப் பிற்பகலில் இந்தக் குழு இலவசமாக வாசித்தது. பரிசுகள் கொடுத்தார்கள்; பெரிய கேக் ஒன்று வந்தது; அது கடைசியில் ஒருவர் முகத்தில் ஒருவர் அப்பும் விளையாட்டாகி, லைடனின் முகம் முழுக்க கேக்காக முடிந்தது. நாட்டின் பல நகரங்கள் கதவடைத்த குழுவின் முன்னால், எட்டு வயதும் பத்து வயதுமான பிள்ளைகள் குதித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். சிட் இருந்த அந்தக் குழு இங்கிலாந்தில் கடைசியாக வாசித்தது அன்றுதான். மூன்று வாரத்தில், ஜனவரி 14 அன்று, சான்ஃபிரான்சிஸ்கோவில் கதை முடிந்தது. ஏமாற்றப்பட்டதாக எப்போதாவது உணர்ந்திருக்கிறீர்களா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு லைடன் மேடையைவிட்டு இறங்கினார். அந்தக் கேள்வியை ரசிகர்களுக்கு விட்ட ஏளனமாகக் கட்டுரையாளர் எடுத்துக்கொள்கிறார். ஏமாற்றப்பட்டவராகத் தம்மையே லைடன் எண்ணிக்கொண்டிருந்தார் என்பதற்கு, அவர் பிறகு மெக்லாரன்மீது தொடுத்த வழக்கே சான்று. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1986இல்தான் பாடல்களின் உரிமையும் பணமும் குழுவினருக்கு வந்துசேர்ந்தன. இடையில் 1980இல், தாமே எல்லாவற்றையும் சூழ்ச்சியாகச் செய்ததாக மெக்லாரன் ஒரு படத்தில் தோன்றிச் சொன்னார். அந்தப் படத்தை எடுத்த இயக்குநரே இருபதாண்டு கழித்துக் குழுவினர் தரப்பைச் சொல்லி இன்னொரு படம் எடுக்க வேண்டியதாயிற்று. தங்கள் கட்டுரை முதல் படத்தோடு நின்றுவிட்டது.

பாடியவர்களும் பிறகு ஒற்றுமையாக இல்லை. 1996இல், பணத்துக்காகத்தான் சேர்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லியே சேர்ந்து வாசித்தார்கள். 2006இல் அமெரிக்காவின் ராக் இசைப் பெருமன்றம் கொடுக்க முன்வந்த மரியாதையை, கொச்சையான ஒரு கைக்கடிதம் எழுதி மறுத்தார்கள். 2015இல் அதே இசைத்தட்டின் அட்டைப்படம் ஒரு கடன் அட்டையில் அச்சாகி வந்தபோது, அந்த மறுப்பின் மதிப்பு பாதியாகிவிட்டது என்றே நினைத்தேன். 2021இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் பாடல்களைப் பயன்படுத்துவது பற்றி ஜோன்ஸும் குக்கும் லைடன்மீதே வழக்காடி, பெரும்பான்மை முடிவே செல்லும் என்ற பழைய உடன்படிக்கையைக் காட்டி வென்றார்கள். பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை இசைஞானியின் பாடல்களை முன்னிட்டுத் தேநீர்க்கடை தோறும் பேசும் ஊர் நம்முடையது. இதில் வியக்க ஒன்றுமில்லை. நான் நூற்றுக்கணக்கில் பதிந்து கொடுத்த கேசட்டுகளுக்கு எந்தப் பாடகருக்கும் ஒரு காசு போய்ச் சேர்ந்ததில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். மெக்லாரனைக் குறைசொல்லும் தகுதி எனக்கு முழுதாக இல்லை.

அவர்கள் விட்டுச்சென்றது என்ன என்று கேட்டால், 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் ஒரு சிறிய மாடி அரங்கில் நடந்த நிகழ்ச்சியைத்தான் நான் காட்டுவேன். ஐம்பது பென்ஸ் சீட்டு. வந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். அதை ஏற்பாடு செய்த இளைஞர்கள் பஸ்காக்ஸ் இசைக்குழுவினர். கேட்க வந்தவர்களில் இருவர் பிறகு ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் என்ற புகழ்பெற்ற குழுக்களை உருவாக்கினார்கள். இன்னொருவர் ஸ்மித்ஸ் குழுவின் பாடகரானார். இவர்களுடைய இசை ஒன்றுபோல் ஒன்று இல்லை, பிஸ்டல்ஸைப் போலவும் இல்லை. இவனால் முடிந்தால் என்னாலும் முடியும் என்ற எண்ணம் மட்டும் அந்த அறையிலிருந்து இறங்கிப் போனது. அக்காலத்தில் ரசிகர்களே நடத்திய சிற்றிதழ் ஒன்று, கிதாரில் மூன்று கார்டுகளை (சுரக்கூட்டுகளை) எப்படிப் பிடிப்பது என்று படம் போட்டுக் காட்டி, இனி நீயே ஒரு குழு தொடங்கு என்று எழுதியது. திருவல்லிக்கேணி அறைகளில் கைக்காசைப் போட்டுச் சிற்றிதழ் நடத்திய தலைமுறையைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துணிவு பழக்கமானதுதான். பிபிசிக்கு 1978இல் அளித்த ஒரு பேட்டியில், புகழின் உச்சியிலிருந்த அறிவிப்பாளர் ஜிம்மி சாவிலைப் பற்றி வெளியே சொல்ல அனுமதிக்காத செய்திகள் உண்டென்று லைடன் சொன்னார். அந்தப் பகுதி ஒலிபரப்பாகவில்லை. சாவில் இறந்த மறு ஆண்டு, 2012இல், அவர் பல்லாண்டுகள் சிறுவர் சிறுமியரைச் சீரழித்தது வெளியே வந்தது. நாகரிகமானவர் யார், அநாகரிகமானவர் யார் என்று அந்நாட்டுப் பெரியவர்கள் போட்டுவைத்திருந்த கணக்கு எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இனித் தங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தி. நம் கானாவுக்கும் லண்டன் பங்குக்கும் உறவு தேடுவது வீண்வேலை. சாவு வீட்டில் விடிய விடியப் பாடி, மேளமில்லாதபோது மேசையையும் பானையையும் தட்டி வளர்ந்த கானாவுக்கு வடசென்னையே தாய்வீடு. அதற்கு எந்தத் துணிக்கடையும் உதவவில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கம் பள்ளி மைதானத்தில், 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது நானும் போயிருந்தேன். பண்டிதர் அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்த குழு. மேடையில் பத்தொன்பது பேர்; பறை, சட்டி, கிதார், டிரம்ஸ் எல்லாம் ஒரே வரிசையில். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் தோளில் பேரனை ஏற்றிக்கொண்டு, இரண்டு மணி நேரம் இறக்கவில்லை. அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மலக்குழிச் சாவைப் பற்றியும் பாடினார்கள். அதைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் 'லண்டன் போக்கிரிகளைப் போல' என்று ஒரு வரியில் இவர்களை அடக்குவதென்றால், கட்டுரையாளர் லண்டன்காரர்களையும் கேட்கவில்லை, கீழ்ப்பாக்கத்துக்கும் வரவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அரங்கு கொடுக்க யோசிக்கச் சொல்லும் அறிவுரையைத்தான் டெர்பி நகரமன்றத்தார் ஐம்பதாண்டுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்களே.

படத்துக்குக் கீழே உள்ள தவறையாவது அடுத்த ஞாயிறு திருத்தி வெளியிட வேண்டுகிறேன். க்ளென் மாட்லாக் இன்றும் இருக்கிறார். ஜோன்ஸ், குக் ஆகியோருடன் சேர்ந்து, வேறொரு பாடகரை வைத்து, 2024 முதல் மீண்டும் வாசித்துக்கொண்டும் இருக்கிறார்.

இன்னொரு விண்ணப்பம். தட்டைக் கொடுத்துவிட்டுப் போன கப்பல்காரர் திரும்பி வரவேயில்லை. கடையை மூடியபோது மற்ற தட்டுகளையெல்லாம் எடைக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டேன். அதை மட்டும் கொடுக்கவில்லை, அது என்னுடையதல்ல. பரணில், மஞ்சள் அட்டை வெளுத்து, முதுகில் நான் நீலப் பேனாவால் எழுதிய 'எஸ்.பி.' மட்டும் அழியாமல் இருக்கிறது. அவரோ அவருடைய வீட்டாரோ இதைப் படித்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் ஒலிப்பதிவுக் கடைக்காரர்,
இராயப்பேட்டை, சென்னை - 14.